ஒரு கண்மாயை எழுதி முடிக்க ஓராண்டு

2019 செப்டம்பரில் அந்த வேலையில் சேர்ந்தேன். தாவரவியலில் முதுகலை முடித்திருந்தேன். 11 மாத ஒப்பந்தம், தொழில்நுட்ப உதவியாளர் என்று பெயர். சிவகங்கை மாவட்டத்துக் கிராமங்களில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பதுதான் வேலை. ஓர் ஊரில் என்ன விளைகிறது, என்ன முளைக்கிறது, கண்மாயில் என்ன மீன், கரையில் என்ன மரம், எந்தப் பறவை எந்த மாதம் வருகிறது, இவற்றைப் பற்றி அந்த ஊர்க்காரர்களுக்கு என்னென்ன தெரியும் என்பதையெல்லாம் அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிவைக்கும் புத்தகம் அது.

இந்த யோசனை புதிதல்ல. சூழலியலாளர் மாதவ் காட்கிலும் அவரோடு இருந்தவர்களும் தொண்ணூறுகளிலேயே இதைத் தொடங்கிவிட்டார்கள். 1992-ல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்தான பல்லுயிர் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள், தங்கள் உயிர்வளத்தைத் தாங்களே அறிந்து காக்கும் திறனை வளர்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டன. அதற்காக இந்தியா 2002-ல் சட்டம் கொண்டுவந்தது. தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னை தரமணியில் இருக்கிறது. அதன் கீழே மாநில வாரியங்கள். எல்லாவற்றுக்கும் கீழே, ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு. நான் சேர்ந்தபோது இருந்த 2004 விதிகளின்படி ஒரு தலைவர், அதிகபட்சம் 6 உறுப்பினர்கள், மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். ஊரைக் கலந்து பதிவேட்டை எழுதுவதுதான் குழுவின் முதல் வேலை. நாட்டின் திறன் என்று பெரிதாகச் சொல்வதெல்லாம் கடைசியில் இந்தச் சிலரிடம் வந்து நிற்கிறது. படித்தபோது அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இன்றும் பிடித்திருக்கிறது.

ஆனால் நான் சேர்ந்த நேரம் சரியில்லை. பல மாநிலங்களில் குழுக்களும் இல்லை, பதிவேடுகளும் இல்லை என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. 2020 ஜனவரி 31-க்குள் முடிக்க வேண்டும், தவறினால் ஒவ்வொரு மாநிலமும் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள். 2016 அக்டோபரிலிருந்து அவற்றில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களே இல்லை. தனி அலுவலர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். 2019 டிசம்பர் கடைசியில் தேர்தல் நடந்து, ஜனவரி 6-ல் எங்கள் மாவட்டத்தில் புதுத் தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். கெடுவுக்கு 25 நாள்தான் இருந்தது. தன் ஊராட்சியின் வங்கிக் கணக்கையே இன்னும் பார்க்காத ஒருவரிடம் போய், பல்லுயிர் மேலாண்மைக் குழு என்று நாங்கள் ஆரம்பித்தோம்.

என்னை வேலைக்கு எடுத்த நிறுவனம் ஓர் ஊராட்சிக்கு மூன்று நாள் ஒதுக்கியது. முதல் நாள் ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம், இரண்டாம் நாள் ஊரைச் சுற்றி வருவது, மூன்றாம் நாள் தட்டச்சு. வேலை நெருக்கியபோது அந்த இரண்டாம் நாள் காணாமல் போனது. பக்கத்து ஊரின் கோப்பைத் திறந்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, ஒன்றிரண்டு வரிகளைச் சேர்த்து அனுப்பினார்கள். மலைப்பக்கத்துப் பட்டியல் ஒன்று எப்படியோ உள்ளே புகுந்து, ஒரு குன்றுகூட இல்லாத ஊரின் பதிவேட்டில் கடுக்காய் மரமும் காட்டெருமையும் ஏறிவிட்டன. அந்தப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. நான் சரிபார்க்கவில்லை. அதை இங்கே எழுதாமல் மேலே போக எனக்கு மனமில்லை.

நாடு முழுக்க இன்று 2.5 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவேடுகள் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் உண்மையாக உட்கார்ந்து எழுதியவையும் உண்டு, அப்படிச் சிலவற்றை நானே படித்திருக்கிறேன். ஆனால் எண்ணிக்கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காட்டெருமைதான் நினைவுக்கு வருகிறது.

அப்புறம் கொரோனா வந்தது, ஒப்பந்தம் முடிந்தது. 2021 ஆகஸ்டில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறை மூலம் சிறிய உதவித்தொகை கிடைத்தபோது நான் ஒன்றுதான் கேட்டேன். ஒரே ஓர் ஊராட்சி, ஒரு முழு ஆண்டு. நான் கையெழுத்துப் போட்ட அதே ஊரையே கேட்டேன்.

ஏன் ஓராண்டு? பூவோ காயோ இல்லாமல் ஒரு செடியை உறுதியாக அடையாளம் சொல்வது பெரும்பாலும் முடியாது. புல் வகைகள் என்றால் கதிர் வர வேண்டும். புரட்டாசியில் முளைப்பது தையில் இருக்காது. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகினால்தான் நாரைகள் வந்து கூடு கட்டும். கண்மாய் வற்றும் பங்குனி சித்திரையில்தான் உள்ளே என்ன மீன் இருந்தது என்று தெரியவரும். மூன்று நாளில் எழுதிய பதிவேடு அந்த மூன்று நாளின் பதிவேடுதான். திட்டம் போடுகிற மேசையில் யாரும் இதைச் சொல்லவில்லையா, சொல்லியும் நேரமில்லை என்று விட்டார்களா, தெரியவில்லை. திறன் வளர்ப்புக்கு என்று வரும் பணம் அதிகமாகப் போவது ஒருநாள் பயிற்சிகளுக்கு. எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதுவது எளிது. அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு செடியைப் பறித்து, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, தினமும் தாளை மாற்றிக் காயவைத்தார்களா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

அந்த ஊரில் எனக்கு முதலில் ஆசிரியராக வந்தவர் களை எடுக்கப் போகும் ஓர் அப்பத்தா. எங்கள் படிவத்தில் களைகளுக்கு ஒரு தனி அட்டவணை உண்டு. வயலில் அவர் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். பண்ணைக்கீரை, சாரணை, தொய்யக்கீரை, குப்பைமேனி. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், "என்ன தாயி தலைப்பு போட்டுருக்க?" என்றார். களைகள் என்று வாசித்தேன். "இதுல பாதி நாங்க மடியில கட்டிக் கொண்டுபோய்க் கடையுறதுதான். களைன்னு எழுதுனா நாளைக்கு மருந்தடிக்கச் சொல்லுவாக" என்றார். அவர் சொன்னது சரி. களைக்கொல்லி வந்த வயல்களில் அந்தக் கீரைகள் இப்போது இல்லை. அவர் குடும்பத்துக்கு மழைக்காலத்தில் காசில்லாமல் கிடைத்த கீரை அது. அன்றைக்கு அந்த அட்டவணையில் ஒரு கட்டம் கூடுதலாக வரைந்தேன். எந்த மாதம் பறிப்பது, எப்படிச் சமைப்பது, எந்த வயலில் நின்றுபோனது. அந்தக் கட்டம்தான் முழுப் பதிவேட்டிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

அடுத்து கண்மாய்க்கு மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சி ஐயா. தண்ணீர் தேங்கும் உள்வாய் எவ்வளவு மேடாகிப்போனது, மிகைநீர் வழியும் கலுங்கு கடைசியாக எப்போது மறுகால் போனது என்பதெல்லாம் அவருக்கு வருடக் கணக்கோடு தெரியும். மீன் பிடித்த அன்று ஊரே ஊத்தாவும் கச்சாவுமாக இறங்கியது. நானும் பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேரும் கரையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கூடையைப் பார்த்து எழுதினோம். ஜிலேபி, ஜிலேபி, கட்லா, ஜிலேபி, ஆப்பிரிக்கக் கெளுத்தி. இரண்டு கூடையில் விரால் இருந்தது. அயிரை, உளுவை, நாட்டுக் கெளுத்தி எல்லாம் கண்ணில் பட்டால்தான் உண்டு என்றாகிவிட்டது. குத்தகைக்கு எடுப்பவர் வெளியூர்க் குஞ்சுகளை விடுவதும், பழைய மீன்கள் ஏறி வந்த வாய்க்கால்கள் தூர்ந்துபோனதும் சேர்ந்து செய்த வேலை என்று ஐயா விளக்கினார். எந்த ஆய்வுக் கட்டுரையையும்விட அது எனக்குத் தெளிவாக இருந்தது.

கிடை மாட்டுக்காரர்களை எந்த அட்டவணையில் எழுதுவது என்று நான் வெகுநாள் தடுமாறினேன். புலிக்குளம் மாடுகளை ஓட்டிக்கொண்டு அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுகிறவர்கள், அதாவது உரத்துக்காக மாடுகளை இரவில் வயலில் அடைக்கிறவர்கள். ஓர் ஊரில் நிற்பதில்லை, அதனால் எந்த ஊரின் பதிவேட்டிலும் அவர்கள் வரவில்லை. கடைசியில், அவர்கள் எங்கள் ஊருக்கு வரும் மாதத்தையும் தங்கும் வயல்களையும் போகும் பாதையையும் எழுதினோம். இது போதாது. பல ஊராட்சிகள் சேர்ந்து எழுத வேண்டிய பக்கம் அது.

நாட்டு வைத்தியம் பார்க்கும் ஒருவர் கடைசி வரை வாய் திறக்கவில்லை. "எழுதிட்டா அது ஊருக்கா, கடைக்காரனுக்கா?" என்று கேட்டார். நான் அவருக்கு அகத்தியர் மலைக் காணி மக்களின் கதையைச் சொன்னேன். 1987-ல் மலையேறிய ஆய்வாளர்களுக்கு, களைப்புத் தெரியாமல் இருக்க என்று காணிகள் ஒரு செடியின் காயைக் கொடுத்தார்கள். அந்த ஆரோக்கியப்பச்சையிலிருந்து கேரளத்தின் பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வுத் தோட்டம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, 1995-ல் ஒரு மருந்து நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. இந்தியாவில் சட்டம் வருவதற்கு முன்பே நடந்தது இது. இதையும் சொல்லி, அந்தப் பணம் போய்ச் சேருவதில் இருந்த சிக்கல்களையும் மறைக்காமல் சொன்னேன். அவர் மூன்று மருந்துகளைச் சொன்னார். இரண்டை, பதிவேட்டில் வெளியாருக்குக் காட்டாத ரகசியப் பக்கத்தில் எழுதச் சொன்னார். மற்றவை அவரிடமே இருக்கின்றன, இருக்கட்டும்.

ஆனால் அந்த ஊரில் திறன் என்று எதையாவது காட்டச் சொன்னால் நான் ஊராட்சிச் செயலரைத்தான் காட்டுவேன். என்னைவிட நான்கைந்து வயது இளையவர். வரி வசூல், குடிநீர், நூறுநாள் வேலை என்று ஏற்கெனவே அலமாரி நிறையப் பதிவேடுகள். இதுவும் ஒன்றா என்றுதான் முதலில் பார்த்தார். தையில் ஒருநாள் என்னோடு கண்மாய்க்கு வந்தார். உள்வாயில் நிற்கும் கருவேல மரங்கள் வெள்ளையாக இருந்தன, அவ்வளவு நாரைக் கூடுகள். "தினமும் இந்த வழியாத்தான் அக்கா வண்டியில போறேன்" என்று மெதுவாகச் சொன்னார். அதன்பிறகு கைபேசியில் படம் எடுக்க ஆரம்பித்தார், தேதியோடு. செடியைத் தாளில் வைத்துக் காயவைக்கக் கற்றுக்கொண்டார். சட்டத்தின் 41-வது பிரிவை நாங்கள் இருவரும் சேர்ந்து படித்தோம். ஊராட்சி எல்லைக்குள் வணிகத்துக்காக உயிர்வளங்களைச் சேகரிப்பவர்களிடம் குழு கட்டணம் வசூலிக்கலாம் என்று அதில் இருந்தது. நான் போன பயிற்சிகளில் ஒன்றில்கூட இதை விளக்கவில்லை.

2022 ஆகஸ்ட் 15 கிராமசபையில் பதிவேட்டை அவர்தான் சத்தமாக வாசித்தார். கூட்டம் நீண்டுபோயிற்று. இலுப்பைத் தோப்பு இருந்ததை ஏன் எழுதவில்லை, அந்தக் குளத்துக்கு அது பெயரில்லை என்று திருத்தங்கள் வந்துகொண்டே இருந்தன. காட்டெருமை இருந்த பழைய பதிவேட்டை நான் எழுந்து நின்று சொன்னேன். யாரும் கோபப்படவில்லை. "அதான் இப்ப எழுதிட்டீங்கல்ல" என்றார் நீர்ப்பாய்ச்சி ஐயா. எனக்குத்தான் குரல் உடைந்துபோயிற்று.

அடுத்த மார்கழியில் கண்மாய்க் கருவேல மரங்களை வெட்ட ஏலம் எடுத்தவர் ஆட்களோடு வந்தபோது, செயலர் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போனார். மரத்தின் எண்ணிக்கை, கூடுகள், குஞ்சு பறக்கும் மாதம் எல்லாம் தேதியோடு இருந்தன. குஞ்சுகள் பறக்கும் வரை வெட்டு தள்ளிப்போனது. அதே மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதிவேடு தேவைப்படவில்லை, பழக்கமே போதும். வெளியூர் ஒப்பந்தக்காரரிடம் பழக்கத்தைக் காட்ட முடியாது. தேதி போட்ட தாளைத்தான் காட்ட முடியும். மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அதை அறிவித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது, ஊர்கள் திரண்டு போராடியதோடு அந்த அறிவிப்பும் கைகொடுத்தது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அதே 2025 ஜனவரியில் எங்கள் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். குழுவில் இருந்தவர்கள் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். நானும் இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறேன். பதிவேடு அந்த அலமாரியில் இருக்கிறது, சாவி செயலரிடம். அவரையும் மாற்றிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பெண் இப்போது கல்லூரியில் தாவரவியல் எடுத்திருக்கிறாள். விடுமுறையில் வந்து பக்கங்களைச் சேர்க்கிறாள்.

போன வாரம் செயலர் ஒரு படம் அனுப்பியிருந்தார். கரைமேல் வேலியில் படர்ந்த ஒரு கொடி, இலை மட்டும்தான். இது நம்ம பதிவேட்டில் இல்லையே அக்கா, என்ன பெயர் என்று கேட்டிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன், சொல்ல முடியவில்லை. பூத்தால்தான் தெரியும் என்று பதில் போட்டேன்.

"சரிக்கா, ஒரு பக்கத்தை விட்டுவைக்கிறேன்" என்று பதில் வந்தது.