விரிப்புக்குக் கீழே இருந்த வண்டல்

மோட்டார் காப்பீட்டில் இழப்பு மதிப்பீட்டாளராக, ஊரார் சொல்வதுபோல் சர்வேயராக, ராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் பல ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரையிலும், பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமேசுவரம் வரையிலும், மோதிய வண்டி, கவிழ்ந்த வண்டி, தண்ணீரில் நின்ற வண்டி எதுவானாலும் நேரில் போய்ப் பார்த்து, படம் எடுத்து, இன்ன பாகத்தை மாற்ற வேண்டும், இன்ன பாகத்துக்கு டிங்கரிங் போதும் என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். ஒரு வண்டிக்கு என்ன நேர்ந்தது என்பது முழுமையாக எழுத்தில் பதிவாகும் இடம் அந்த அறிக்கைதான். ஆனால் அந்த வண்டியைப் பின்னாளில் விலை கொடுத்து வாங்குகிறவர் அதைப் பார்ப்பதே இல்லை. இந்த உண்மை என்னை உறுத்தத் தொடங்கியது தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவருடைய காரைப் பார்த்த பிறகுதான்.

அவர் கடல்தொழில் செய்தவர். ஒரு வல்லத்தில் தனக்கிருந்த பங்கை விற்று, பற்றாத தொகைக்குக் கடன் வாங்கி, வெளிமாவட்ட நகரம் ஒன்றிலிருந்த பழைய கார் கடையில் 4,60,000 ரூபாய்க்கு மஞ்சள் போர்டு கார் ஒன்றை வாங்கியிருந்தார். ராமேசுவரம் வரும் யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கும் தேவிபட்டினத்துக்கும் ஏற்றிச் செல்வதுதான் திட்டம். இரண்டாம் மாதம் கண்ணாடி ஏற்றும் பொத்தான்கள் வேலை செய்யவில்லை. பிறகு டாஷ்போர்டு விளக்குகள் காரணமின்றி எரிந்தன. மூன்றாம் மாதம், ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வரும்போது, இரவில் பாம்பன் பாலத்தின் நடுவிலேயே வண்டி நின்றுவிட்டது. கடைக்காரரிடம் கேட்டபோது, கடற்கரையில் ஓட்டுகிற வண்டி துருப்பிடிக்காமல் என்ன செய்யும் என்று பதில் வந்திருக்கிறது. "அண்ணே, உப்புக்காத்து மூணு மாசத்துல ஒரு காரைத் தின்னுருமா?" என்று கேட்டுக்கொண்டுதான் அவர் என்னிடம் வந்தார்.

அந்தக் கேள்வி சரியான கேள்வி. எங்கள் பகுதியில் உப்புக்காற்று எல்லாக் குறைகளுக்கும் ஆயத்தமாக இருக்கும் ஒரு காரணம். சொன்னவுடன் எல்லோரும் நம்பிவிடுவார்கள், ஏனென்றால் அது பாதி உண்மை. ஆனால் உப்புக்காற்று ஏறும் வழி வேறு, வெள்ளம் ஏறும் வழி வேறு. காற்றும் சாரலும் படும் இடங்களில்தான் கடற்கரைத் துரு முதலில் தோன்றும்: சைலென்சர், சக்கர வளைவுகள், கதவுகளின் கீழ் விளிம்பு, அடித்தகடு. கதவை மூடிய காருக்குள், விரிப்புக்குக் கீழே இருக்கும் இரும்பு பல ஆண்டுகள் சுத்தமாகவே இருக்கும். இந்தக் காரில் நான் கண்டது தலைகீழ். அடித்தகட்டில் புதிதாகக் கருப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். உள்ளே இருக்கையை நகர்த்தும் தண்டவாளத்தின் போல்ட்டுகள் செதில் செதிலாக உதிர்ந்தன. டாஷ்போர்டுக்குக் கீழே ஒயரிங் இணைப்புகளில் செம்பு பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

முன் இருக்கை சீட் பெல்ட்டுகள் இரண்டும் புதியவை. அவற்றின் அடியில் தைத்திருந்த சீட்டில் அச்சிட்ட ஆண்டு, கார் தயாரான ஆண்டுக்குப் பிந்தியது. பின் இருக்கை பெல்ட்டை மாற்ற மறந்திருக்கிறார்கள். அதைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். எப்போதும் சுருளுக்குள்ளேயே இருக்கும் அந்தக் கடைசி இரண்டு சாண் நீளத்தில் பழுப்பு நிறக் கோடு ஒன்று தெளிவாக விழுந்திருந்தது. டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டுப் பள்ளத்தின் மூலையைச் சுரண்டியபோது, காய்ந்து வெடித்த மென்மையான கரும் வண்டல் விரலில் ஒட்டியது. தங்கச்சிமடம் மணல் பூமி. அவர் வண்டி நிறுத்தும் இடமும் மணல், ஓட்டிய இடமும் மணல். அந்த வண்டல் வேறு ஊரிலிருந்து காரோடு வந்தது.

எங்கிருந்து வந்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிந்தது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலால் சென்னை மூழ்கியது. அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. அப்போது பக்கத்து மாவட்டங்களிலிருந்து அழைக்கப்பட்ட சர்வேயர்களில் நானும் ஒருவன். பழுதுபார்க்கும் செலவு, காப்பீட்டில் குறித்த வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அதை முழு இழப்பாகக் கணக்கிடுவது வழக்கம். வண்டி இனி ஓடவே முடியாது என்ற நிலையில் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவின்படி பதிவை ரத்து செய்ய வேண்டும். ஆனால் முழு இழப்பு என்று கணக்கில் முடித்த வண்டிகளில் பல, பழுதுபார்த்தால் ஓடக்கூடியவையே. அவை ஆர்.சி. புத்தகத்தோடு கழிவு விலைக்குக் கைமாறி, கழுவி, உலர்த்தி, நறுமணம் தெளித்து, வேறு ஊர்க் கடைகளில் வந்து நிற்கின்றன. அப்படி விற்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. நீரில் நின்ற வண்டி என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால், தெரிந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லாமல், நல்ல வண்டியின் விலைக்கு விற்பதுதான் குற்றம்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது அவர் தயங்கினார். கடை இருக்கும் ஊருக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய்வர வேண்டுமே என்பது அவர் கவலை. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் அந்தக் கவலைக்கு இடம் இருந்தது. 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறையிடுபவர் குடியிருக்கும் இடத்திலேயே மனு கொடுக்க வழி செய்திருக்கிறது. ஆகவே ராமநாதபுரத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. முறையீட்டுக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போக வேண்டும், அவ்வளவுதான். தொடர்புடைய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் அந்தச் சட்டம் குறைபாடு என்ற விளக்கத்துக்குள் சேர்த்திருக்கிறது. இந்த வரியை அவருக்கு நான் இரண்டு முறை படித்துக் காட்டினேன். (தனி ஆள் ஒருவர் தன் சொந்தக் காரை விற்றிருந்தால் இந்த வழி கடினம். வணிகமாக விற்பவர் மீதுதான் இந்தச் சட்டம் பாயும். தனி ஆளானால் ஒப்பந்தச் சட்டத்தின்படி உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.)

அவர் மனு கொடுத்தார். எதிர்த்தரப்பான கடைக்காரர் மூன்று வாதங்களை வைத்தார். வாடகைக்கு ஓட்டுவதால் அவர் வணிக நோக்கத்தில் வாங்கியவர், நுகர்வோரே அல்லர் என்பது முதல் வாதம். தானே ஓட்டிப் பிழைக்க, சுயதொழிலுக்காக மட்டும் வாங்குபவரைச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. இருப்பது ஒரே கார், ஓட்டுவது அவரே என்று காட்டியதும் அது நிற்கவில்லை. தகுதிச் சான்று நடப்பில் இருக்கிறது என்பது இரண்டாவது. எஃப்.சி. என்பது அன்றைய தேதியில் வண்டி சாலையில் ஓடத் தகுந்ததா என்பதற்கான சான்று. அதில் கடந்த காலம் இருக்காது. வண்டி விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியிலும் உரிமையாளர், கடன், காப்பீட்டுக் கெடு ஆகியவை தெரியுமே தவிர, வெள்ளம் தெரியாது.

மூன்றாவது வாதம்தான் கடினமானது. டெலிவரி நோட்டில், வண்டியை நன்றாகப் பார்த்துத் திருப்தியடைந்து வாங்கிக்கொண்டேன், பிறகு எந்த முறையீடும் இல்லை என்ற வாசகத்துக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். பழைய வண்டி வாங்கும் எல்லோரும் படிக்காமல் போடும் கையெழுத்து அது. ஆனால் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தை நிதானமாகப் படித்தால், வாங்குபவர் சோதித்தபோது தெரிந்திருக்கக்கூடிய குறைகளுக்கு மட்டுமே அவர் பொறுப்பு என்பது புலப்படும். விரிப்பைக் கிழித்து போல்ட்டைப் பார்ப்பதும் பெல்ட்டைச் சுருள் முடிய இழுப்பதும் வாங்க வந்தவர் செய்யும் சாதாரணச் சோதனையா? புதிய பூச்சு அடித்து, முன் பெல்ட்டுகளை மாற்றி ஒருவர் அடையாளத்தை அழித்திருக்கும்போது, பார்த்துத்தானே வாங்கினாய் என்று அவரே கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் மனுதாரர் பக்கத்து ஆள் என்று அவர்கள் ஆட்சேபித்ததால், ஆணையம் தன் சார்பில் வேறொரு பொறியாளரை அனுப்பிக் காரைச் சோதித்தது. அவரும் பின் பெல்ட்டில் அதே பழுப்புக் கோட்டைத்தான் கண்டார். முடிவைத் தந்தது ஒரு காகிதம். முந்தைய காப்பீட்டு நிறுவனத்தின் கோப்பை ஆணையம் வரவழைத்தது. அதில் டாஷ்போர்டு மட்டம் வரை நீர் நின்றது என்று ஒரு சர்வேயர் எழுதிய அறிக்கையும் படங்களும் இருந்தன. அந்த அறிக்கை என்னுடையது அல்ல. ஆனால் அதே மாதத்தில், அதே மாவட்டத்தில், அதே சொற்களில் நான் எழுதிய அறிக்கைகள் இன்னும் வேறு கோப்புகளில் இருக்கின்றன. பணியில் அறிந்த தகவலைக் காக்க வேண்டிய கடமை எனக்கு உண்டு, அதை நான் மீறமாட்டேன். இருந்தாலும் நான் டாஷ்போர்டு மட்டம் என்று எழுதிய கார்கள் இப்போது யார் வாசலில் நிற்கின்றன என்ற எண்ணம் அன்று முதல் என்னை விடவில்லை. வண்டியின் எண்ணைத் தட்டினால் கடன் தெரிவதைப்போல, முழு இழப்பாக முடிக்கப்பட்டதும் தெரிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காரைத் திருப்பிக் கொடுத்து விலையை வட்டியோடு பெற்றுக்கொள்ள உத்தரவு வந்தது. மன உளைச்சலுக்குக் கேட்டதைவிடக் குறைவாகவே கிடைத்தது. வண்டி நின்ற நாட்களின் வருமான இழப்பு கிடைக்கவேயில்லை, ஏனென்றால் அவர் எந்தச் சவாரிக்கும் ரசீது எழுதி வைத்திருக்கவில்லை. பட்டறைச் செலவில் பில் இருந்த அளவுக்கு மட்டும் கணக்கானது.

சில மாதங்கள் கழித்து, ராமேசுவரத்தில் ஓர் ஓட்டுநர் விற்கவிருந்த காரைப் பார்க்க அந்த இளைஞர் என்னை அழைத்தார். இந்த முறை, முந்தைய இரண்டு ஆண்டுகளின் காப்பீட்டுப் பாலிசிகளையும் அவரே கேட்டு வாங்கி வைத்திருந்தார். கோரிக்கை இல்லாத ஆண்டுக்குத் தரும் சலுகை அவற்றில் ஒன்றில் சுழியாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் ஏதோ நேர்ந்திருக்கிறது என்று பொருள். நான் வாயைத் திறப்பதற்குள் விற்பவரே, "தம்பி, உச்சிப்புளி கிட்ட ஒரு மாடு குறுக்க வந்துச்சு. பானட்டும் இடது பக்க விளக்கும் மாத்துனது" என்று சொல்லி, டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்து மடித்து வைத்த பட்டறை பில்லை எடுத்து நீட்டினார். விலையில் இருபதாயிரம் குறைத்துப் பேசி முடித்தார்கள். பின் இருக்கை பெல்ட்டை இளைஞரே கடைசி வரை இழுத்துப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. அந்தப் பில்லையும் வண்டிப் புத்தகத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டார்.