‘கொஞ்சம்’ என்றால் எவ்வளவு? சிமென்ட் கில்னில் ஃபஸ்ஸி லாஜிக்

சிமென்ட் ஆலையின் கன்ட்ரோல் ரூமில் அதிகம் புழங்கும் சொல் ‘கொஞ்சம்’. “கில்ன் கொஞ்சம் ஆறுது, கரியைக் கொஞ்சம் ஏத்து” என்பார்கள். கில்ன் என்பது சிமென்ட் மூலப்பொருளைச் சுடும், சுழலும் உருளைச் சூளை. இந்தப் பேச்சைக் கணக்காக்குவதுதான் ஃபஸ்ஸி லாஜிக். கணினி அறிஞர் லட்ஃபி ஜாதே 1965-இல் அடிப்படையை வகுத்தார். 1970-களின் இறுதியில் டென்மார்க்கின் எஃப்.எல். ஸ்மித் நிறுவனத்தார் அதைக் கில்னில் ஓட்டிப் பார்த்தார்கள்.

உள்ளே சரக்கு சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் வேகிறது. தூசி மறைப்பதால் அதை நேரடியாக அளப்பது நம்பகமில்லை. ஃப்ரீ லைம் (வினைபுரியாமல் மிஞ்சிய சுண்ணாம்பு) எவ்வளவு என்று லேப் சொல்வதற்குள் அந்தக் கிளிங்கர், அதாவது சுட்டெடுத்த சரக்கு, கூலரைத் தாண்டியிருக்கும். அதனால் கில்ன் மோட்டாரின் டார்க் (சுழற்றும் விசை), பின்முனையில் வெளியேறும் வாயுவின் நைட்ரஜன் ஆக்சைடு, ஆக்சிஜன் ஆகிய மூன்றையும் வைத்தே ஊகிக்கிறோம். சூடு ஏறினால் சரக்கு பிசுபிசுத்துச் சுவரோடு மேலே ஏறும், டார்க் கூடும். ஆனால் உட்சுவரில் ஒட்டிய சரக்கின் படலம் ஒரு பக்கம் தடித்திருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் டார்க் ஏறி இறங்கும். நிமிடத்துக்கு 4 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 15 விநாடி. ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்னும் ஃபஸ்ஸி விதிக்குள், முழுச் சுற்றுகளுக்குச் சராசரி எடுக்காமல் டார்க்கை விடக்கூடாது.

கணக்கு எளிது. ஆக்சிஜன் 1.5 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் முழுக்க ‘குறைவு’, 2.5 என்றால் முழுக்க ‘சரி’ என்று வைப்போம். 2.2 என்றால் 0.3 பங்கு குறைவு, 0.7 பங்கு சரி. குறைவுக்கு ஐ.டி. ஃபேனில் (கில்ன் வழியாகக் காற்றை இழுக்கும் விசிறியில்) 10 ஆர்.பி.எம். கூட்டு, சரிக்குத் தொடாதே என்பது விதியானால், எடைபோட்ட சராசரி 3 ஆர்.பி.எம். இரண்டு எல்லைகளும் ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். இடையில் வெற்றிடம் விட்டால் அங்கே எந்த விதியும் பேசாது.

மூன்று அளவுக்கும் மும்மூன்று நிலை வைத்தால் 27 சேர்க்கைகள். அவற்றை எழுதுவதைவிட, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். சரக்கு கில்னைக் கடக்க அரை மணி நேரம்கூட ஆகலாம். விளைவு தெரியுமுன் மறுபடி கரியைக் கூட்டினால் கில்ன் ஏறியும் இறங்கியும் ஊசலாடும். ஒரு தடவைக்கு 1 சதவீதத்துக்கு மேல் கரியை மாற்ற விடாமல், பலனைப் பார்த்த பிறகே அடுத்த மாற்றம் என்று வைப்பது நல்லது. கார்பன் மோனாக்சைடு ஏறினால் மட்டும் காத்திருக்கக்கூடாது. அப்போது எல்லா விதிகளையும் மீறிக் கரியைக் குறைக்க வேண்டும். மின்னழுத்தத்தால் தூசியைப் பிடிக்கும் எலக்ட்ரோஸ்டேட்டிக் பிரெசிபிடேட்டரில் அந்த வாயு சேர்ந்தால் வெடிக்கக்கூடும்.

பெரும்பாலும் ஏமாற்றுவது, அளப்பதற்காக வாயுவை உறிஞ்சி எடுக்கும் மாதிரிக் குழாய். அதன் இணைப்பில் காற்று கசிந்தால் ஆக்சிஜன் அதிகமாகவும் நைட்ரஜன் ஆக்சைடு குறைவாகவும் காட்டும். நைட்ரஜன் ஆக்சைடு குறைவது சூடு குறைவதன் அறிகுறி என்பதால், ‘கில்ன் ஆறுகிறது, காற்று மிஞ்சுகிறது’ என்று கணினி படித்து, கரியைக் கூட்டி ஃபேனைக் குறைக்கும். இரண்டுமே தவறு, இரண்டும் காற்றுப் பற்றாக்குறை என்ற ஒரே திசையில் தள்ளும். அதனால் கரியைக் கூட்ட டார்க்கும் சேர்ந்து இறங்கியிருக்க வேண்டும் என்று விதியில் கட்டாயமாக்குங்கள். குழாயைக் காற்றடித்துச் சுத்தம் செய்யும் நேரத்தில் ஆக்சிஜன் 21-ஐ நெருங்கும். அதற்கு முன்பே பழைய அளவைப் பூட்டிவைத்து, குழாய் நிலைக்கு வந்த பிறகு விடுவிக்க வேண்டும்.

விதிகளை எழுதும் முன் மூன்று ஷிஃப்டு ஆபரேட்டர்களிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவருடைய ‘கொஞ்சம்’ இன்னொருவருடையதில் இரண்டு மடங்காக இருக்கும்.