‘கரஸ்’ என்று எழுதி அரியர் வைத்த கதை

போன வாரம் ரிசல்ட் வந்தது. எம்.ஏ. கல்வியியலில் பாக்கியிருந்த ஒரே தாள், தொலைநிலைக் கல்வி: 58. டிசம்பரில் இதே தாளில் 34. இந்த ஆறு மாதத்தில் புதிதாக ஒரு புத்தகம்கூட வாங்கவில்லை. அஞ்சல்வழி, தொலைநிலை, திறந்தநிலை என்ற மூன்று சொற்களுக்கு அர்த்தம் பிடிபட்டது, அவ்வளவுதான்.

டிசம்பர் விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்தேன். 15 மார்க் கேள்விக்கு 4. என் முதல் வரியே இதுதான்: “இந்தியாவில் அஞ்சல்வழிக் கல்வி 1985இல் இக்னோவால் தொடங்கப்பட்டது.” (இக்னோ என்றால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்.) ‘அஞ்சல்வழி’யின் கீழ் இரண்டு கோடு, 1985ஐச் சுற்றி ஒரு வட்டம். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து வீட்டிலிருந்து படித்தால் எல்லாமே ‘கரஸ்’தான் (கரெஸ்பாண்டென்ஸ், அதாவது அஞ்சல்வழி). அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

ஆகவே ஆண்டுகளைப் பட்டியலாக உருப்போடாதீர்கள். எந்தச் சொல் எப்போது, ஏன் மாறியது என்று பாருங்கள். ஆண்டுகள் தானாக ஒட்டிக்கொள்ளும்.

அஞ்சல்வழி: தபால்தான் வகுப்பறை. 1840இல் ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தைத் தபாலில் கற்றுக்கொடுத்தார் என்றால், பிரிட்டன் முழுவதற்கும் ஒரே பென்னி தபால் கட்டணம் வந்ததும் அதே ஆண்டுதான். இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். இந்தியாவில் 1962, டெல்லிப் பல்கலைக்கழகம். மதுரையில் 1971. (1858 லண்டன் பல்கலைக்கழகம் நம்மைத் தவறாக எழுதவைக்கும் ஒரு பொறி. வெளியாட்களுக்குத் தேர்வைத் திறந்துவிட்டதே தவிர, பாடம் அனுப்பவில்லை.)

தொலைநிலை: வானொலி, டிவி, கேசட் எல்லாம் வந்த பிறகு தபால் பல வழிகளில் ஒன்றாகிவிட்டது. 1938இல் ‘அஞ்சல்வழி’ என்ற பெயரோடு தொடங்கிய சர்வதேச மன்றம் 1982இல் ‘தொலைநிலை’ என்று மாற்றிக்கொண்டது அதனால்தான். இங்கே தொலைநிலைக் கல்விக் கோட்பாட்டாளர் மைக்கேல் மூரை விட்டுவிடாதீர்கள். அவர் சொல்லும் தூரம் கிலோமீட்டர் கணக்கு இல்லை. ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே புரிதலில் விழும் இடைவெளி. எனக்கு இது நேரில் நடக்கும் தொடர்பு வகுப்பில் கடைசி பெஞ்சில்தான் விளங்கியது. ஆசிரியர் முப்பதடி தள்ளி நின்றார், மைக் வேலை செய்யவில்லை, ஐந்து மணி நேரத்தில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ‘தொலைதூரக் கல்வி’யைவிட ‘தொலைநிலைக் கல்வி’ பொருத்தமான சொல் என்று நான் அடம்பிடிப்பதும் இதனால்தான். ஜூன் தேர்வில் இதை ஒரு பத்தியாகவே எழுதினேன்.

திறந்தநிலை: இது முறை இல்லை, கொள்கை. யாரைச் சேர்த்துக்கொள்வது, எந்த நிபந்தனையைத் தளர்த்துவது என்பது பற்றியது. பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டிக்கு 1969இல் சாசனம், 1971இல் முதல் மாணவர்கள். சேர முன்தகுதி கேட்கவில்லை. இந்தியாவில் முதலில் 1982, ஹைதராபாத் (இப்போது அம்பேத்கர் பெயரில்). அப்புறம்தான் 1985, இக்னோ. தமிழ்நாட்டில் 2002.

மற்றவை:
- 15 மார்க்குக்கு மூன்று பக்கம் போதும். நான் ஏழு பக்கம் எழுதிக் கடைசிக் கேள்வியைத் தொடாமல் வந்தேன்.
- அசைன்மென்ட்டை நண்பரிடம் வாங்கி எழுதாதீர்கள். தேர்வில் என் கை தானாக எழுதியது அசைன்மென்ட்டில் சொந்தமாக யோசித்த பகுதிகளைத்தான்.
- குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவராது. உங்களுக்கு வந்தால் சரி.
- கொரோனா காலத்து ஜூம் வகுப்பை இணையவழிக் கல்விக்கு உதாரணம் காட்டாதீர்கள். அது அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2020 விதிமுறைகள் தொலைநிலையையும் இணையவழியையும் தனித்தனியாகவே வரையறுக்கின்றன. டிசம்பரில் இந்த இடத்திலும் எனக்கு ஒரு வட்டம் இருந்தது.