ஹாப்ஸ் குடித்த பங்கு

பீர் நொதிக்கும் கலனான ஃபெர்மென்டரின் பக்கவாட்டில் இருக்கும் 19 லிட்டர் கோட்டைத் தொட்டதும் குழாயை மூடிவிட்டார் பக்கத்து வீட்டுக்காரர். இங்கே அமெரிக்காவின் போர்ட்லண்டில் கராஜில் பீர் காய்ச்சாத ஆளைத் தேடத்தான் வேண்டும்.

காய்ச்சிய கெட்டிலில் இன்னும் மிச்சம் இருந்தது. எட்டிப் பார்த்தேன்.

அடியில் கீரை மசியல் மாதிரி பச்சைச் சேறு. கரண்டியால் அழுத்தினால் ஓரமாக வோர்ட், அதாவது இன்னும் நொதிக்காத இனிப்புச் சாறு, கசிகிறது. எடுத்தால் திரும்ப உள்ளே போய்விடுகிறது.

"அது ஹாப்ஸோட பங்கு" என்றார்.

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூதான் ஹாப்ஸ். இது யாக்கிமா பள்ளத்தாக்கில் விளைந்தது, பொடித்து அழுத்திய பெல்லட்டாக 200 கிராம். கிராமுக்குச் சுமார் 6 மில்லி என்று வைத்தாலே 1.2 லிட்டர் போச்சு. முழுப் பூவாகப் போட்டால் இன்னும் கூடுதலாக உறிஞ்சும்.

30 கிராம் போடும் ஸ்டவுட் என்ற கறுப்பு பீருக்கு இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. ஹாப்ஸை அள்ளிப் போடும் ஐபிஏ வகை பீர் என்றால் பார்த்தே ஆகவேண்டும்.

கடைசியில் தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டலாமே என்று கேட்டேன். சிரித்தார். போனது வெறும் தண்ணீர் இல்லையே, சர்க்கரையும் சேர்ந்துதானே போகிறது? அதனால் தொடக்கத்திலேயே தண்ணீரோடு மால்ட்டையும் (முளைகட்டிய தானியம்) கொஞ்சம் கூட்டிவிடுகிறார். பாட்டிலில் எவ்வளவு வேண்டுமோ அதிலிருந்து பின்னோக்கிப் போகிற கணக்கு. நம் ஊர் சமையலில் கண்ணளவிலேயே போடுவோம், இவர் நோட்டுப் புத்தகமே வைத்திருக்கிறார்.

சேற்றைத் துணியில் கட்டிப் பிழியலாமா என்பதில் மட்டும் அவருக்கும் அவர் மகனுக்கும் ஒத்துப்போகவில்லை. துவர்ப்பு இறங்கிவிடும் என்பது அப்பா கட்சி.

அப்புறம், அடுத்த வாரம் ட்ரை ஹாப் இருக்கிறது, அதாவது காய்ச்சாமல் பீரிலேயே ஹாப்ஸ் போடுவது, இன்னொரு 100 கிராம். அது குடிக்கப்போவது வோர்ட்டை இல்லை, பீரையே.