விளக்குப்பொறியில் சிக்கிய அந்துப்பூச்சி எது? நிறத்தை நம்பாதீர்கள்

இரவில் விளக்கொளியால் பூச்சிகளை ஈர்த்துப் பெட்டிக்குள் பிடிப்பதுதான் விளக்குப்பொறி. அதை விடியும் முன்பே திறந்துவிடுங்கள். வெயில் ஏறினால் பெட்டிக்குள் சூடு கூடி, அடங்கிக் கிடந்த பூச்சிகள் படபடத்து இறகுச் செதிலை உதிர்த்துவிடும். நமக்குத் தேவையான கோடும் புள்ளியும் அந்தச் செதில்களில்தான் இருக்கின்றன. உள்ளே முட்டை அட்டைகளை அடுக்கினால் ஒவ்வொன்றும் ஒரு குழியில் ஒதுங்கிக்கொள்ளும், சேதம் குறையும்.

நிறத்தை வைத்துத் தேடத் தொடங்கினால் பழுப்புப் பூச்சிகளிலேயே நாள் போய்விடும். முதலில் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். நான்கு இறகையும் தட்டையாக விரித்திருந்தால் பெரும்பாலும் ஜியோமெட்ரிடே குடும்பம். தடித்த உடலும் பின்னோக்கிச் சாய்ந்த குறுகிய இறகும் இருந்தால் ஸ்பிஞ்சிடே குடும்பம். உடலுக்குக் குறுக்கே குச்சிபோல் இறகை நீட்டியிருந்தால் டெரோஃபோரிடே குடும்பம். கூரைபோல் மடித்திருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். பல குடும்பங்கள் அப்படித்தான் உட்காரும். அந்தக் கூரையில் செதிலுக்குப் பதில் மெல்லிய மயிர் இருந்து, சுருண்ட உறிஞ்சுகுழலும் இல்லையென்றால் அது அந்துப்பூச்சியே அல்ல, காடிஸ் ஈ. நீர்நிலைக்குப் பக்கத்தில் வைத்த பொறியில் இது நிறைய விழும்.

அடுத்தது முன்னிறகின் கோடுகளும் புள்ளிகளும். உலகின் பல பகுதிகளில் கிடைக்கும் அக்ரோடிஸ் இப்சிலானை எடுத்துக்கொள்வோம். பயிரின் அடித்தண்டைக் கத்தரிக்கும் வெட்டுப்புழுவின் தாய்ப்பூச்சி இது. இறகை முதுகோடு படிய ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கும். முன்னிறகில் சிறுநீரக வடிவப் புள்ளி ஒன்று உண்டு. அதன் வெளிப்பக்கத்தில் ஒட்டினாற்போல் ஆப்பு வடிவில் ஒரு கருப்புக் குறி, அதன் கூர்முனை இறகின் ஓரத்தை நோக்கி இருக்கும். ஓரத்திலிருந்து இரண்டு சின்ன ஆப்புகள் அதை எதிர்நோக்கி நிற்கும். இந்த மூன்றும் தெளிவாகத் தெரிந்தால் பெயர் எழுதிவிடலாம். உணர்கொம்பு சீப்புபோல் பல் விட்டிருந்தால் ஆண், வெறும் நூலாக இருந்தால் பெண்.

அளவு எடுக்கும்போது இறகு விரிப்பை அளக்காதீர்கள். உயிருள்ள பூச்சி அதை ஒரே மாதிரி விரித்துக் காட்டாது. முன்னிறகின் அடியிலிருந்து நுனிவரை மில்லிமீட்டரில் அளந்து, இரட்டித்து, மார்பின் அகலத்தைக் கூட்டினால் புத்தகத்தில் உள்ள விரிப்போடு ஒப்பிடலாம்.

துள்ளும் பூச்சியைச் சிறு டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் (ஃபிரீசரில் அல்ல) 10–15 நிமிடம் வையுங்கள். பொறி விளக்கை அணைத்த பிறகே படமெடுங்கள். புற ஊதா ஒளியில் எல்லாமே ஊதா பாய்ந்து தெரியும். நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அருகில் அளவுகோல். குளிர் விட்டதும் பறப்பதற்கு முன் இறகை நடுக்கிச் சூடேற்றும். மறைந்திருந்த பின்னிறகு வெளியே தெரியும் நேரம் அதுதான், கேமராவைக் கீழே வைத்துவிடாதீர்கள்.

சிலவற்றுக்கு இனப்பெயர் எழுதவே முடியாது. அக்ரோனிக்டா சை, அக்ரோனிக்டா டிரைடென்ஸ் என்ற இரண்டு இனங்களின் புழுக்களும் பார்த்தவுடன் வேறுபடும். பூச்சியானபின் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், பிறப்புறுப்பை ஆராய்ந்தால்தான் உறுதி. அப்போது ‘அக்ரோனிக்டா’ என்று பேரினத்தோடு நிறுத்துவதே நேர்மையான பதிவு.

வேலை முடிந்ததும் அடர்ந்த புதருக்குள் நிழலில் விடுங்கள், தினமும் ஒரே புதரில் வேண்டாம். பறவைகள் அந்த இடத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும்.