5 மில்லி என்றால் எந்த 5 மில்லி?

பையனுக்குக் காய்ச்சல் விட்டு ஒரு வாரமாகிறது. இன்னமும் ராத்திரி அவன் புரண்டு படுத்தால் என் கை தானாக அவன் நெற்றிக்குப் போகிறது.

முதல் நாள் பெரிதாக ஒன்றுமில்லை. பாரசிட்டமால் கொடுத்தேன், தூங்கினான். வினையெல்லாம் மறுநாள் ராத்திரிதான். தெர்மாமீட்டர் 103 காட்டியது. மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 102.6. இன்னொரு தடவை கொடுத்துவிடலாமா என்று கை பரபரத்தது. நல்லவேளை, கொடுக்கவில்லை. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் குறைந்தது 4 மணி நேரமாவது இருக்க வேண்டும்.

மாமியார் போர்வையைப் போர்த்த, நான் உருவ, அதற்குள் கணவர் ஐஸ் தண்ணீரில் துணியை நனைத்து வந்து துடைத்தார். பையன் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தான். "ஜன்னி வந்துடுச்சு!" என்று மாமியார் அலற, அப்படியே வாரிக்கொண்டு ஓடினோம்.

அவசரப் பிரிவில் இருந்த நர்ஸம்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வெயிட் எவ்வளவு?" என்றார். தெரியவில்லை. கடைசி மருந்து எத்தனை மணிக்கு? பத்து, பத்தரை இருக்கும். எப்போது சிறுநீர் போனான்? முழித்தேன். "5 மில்லி கொடுத்தேன்" என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னேன். "எந்த 5 மில்லி?" என்று கேட்டார் டாக்டர். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. சொட்டு மருந்து என்றால் பெரும்பாலும் 1 மில்லியிலேயே 100. பாட்டிலோ வீட்டில். அதை எடுத்துவர அந்த ராத்திரியில் கணவர் மறுபடி வீட்டுக்குப் போய்வந்தார். தயவுசெய்து பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

வந்தது 120. பையன் எடை 12 கிலோ. கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் 180, அதாவது 7.5 மில்லி கொடுக்கலாம். நான் 5 மில்லியிலேயே நின்றது, ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்த சீட்டைப் பார்த்து. அது அவன் 8 கிலோ இருந்தபோது எழுதிக் கொடுத்தது! மருந்தைத் திட்டித் தீர்த்தேனே, பிள்ளை வளர்ந்ததைக் கவனிக்கவில்லை.

நடுக்கம் ஐஸ் தண்ணீரால் வந்ததாம். தோல் குளிர்ந்தால் உடம்பு நடுங்கி இன்னும் சூட்டைக் கூட்டத்தான் பார்க்குமாம். "நடுங்கும்போது உங்களைக் கூப்பிட்டானா?" என்று கேட்டார் டாக்டர். அம்மா அம்மா என்று அழுதுகொண்டேதான் இருந்தான். நிஜ வலிப்பு என்றால் பெரும்பாலும் நினைவு இருக்காது, கூப்பிட்டாலும் திரும்பாது. அப்படி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

தெர்மாமீட்டரைவிடப் பிள்ளையைப் பாருங்கள் என்றும் சொன்னார். சூடு கொஞ்சம் தணிந்ததும் விளையாடுகிறானா, தண்ணீர் குடிக்கிறானா, சிறுநீர் போகிறானா என்று பார்க்க வேண்டும். அசந்து தூங்குகிற பிள்ளையை மருந்துக்காக எழுப்ப வேண்டியதில்லை. மூச்சு வாங்கினாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ யோசிக்காமல் கிளம்ப வேண்டும். 3 மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு 100.4 தொட்டாலே போதும், வீட்டு வைத்தியமே கூடாது.

மாமியாரிடம் இதையெல்லாம் சொல்லிப் புரியவைத்தது தனிக்கதை. போர்வை இப்போது மெல்லிய துண்டாகச் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. மறுபடி காட்டப் போனபோது அதே நர்ஸம்மா. பையனை எடைமேடையில் நிறுத்தும் முன்பே, "12 கிலோ 100" என்றேன். முள் நின்றதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன்: தேதி, மணி, சூடு, எத்தனை மில்லி, எந்த பாட்டில், கடைசியாகச் சிறுநீர் போன நேரம் உட்பட.