அணைக்காமல் விடப்படும் பெடல் பவர் சப்ளைகள்

ஒலிப்பதிவுக் கூடத்தின் பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவனிடம் கிதார் கலைஞர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "பெடல்போர்டோட பவர் சப்ளையை ராத்திரியும் ஆன்லயே விட்டுடலாமா?" என்பது. கிதாரின் ஒலியை மாற்றித் தரும், காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டிகள்தான் பெடல்கள்; அவற்றை வரிசையாகப் பொருத்திய பலகை பெடல்போர்டு, அவற்றுக்கு மின்சாரம் தரும் பெட்டி பவர் சப்ளை. அதை இரவெல்லாம் அப்படியே விட்டால் எரிந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் ஒரு சாரார். அடிக்கடி அணைத்துப் போடுவதால்தான் கருவி கெடுகிறது என்று உறுதியாக நம்புகிறவர்கள் மறு சாரார். சென்னையில் இந்த வேலையிலேயே பல ஆண்டுகள் கழித்தபின், அது எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதற்கு முன்னால் எந்தச் சூட்டில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன்.

காலால் மிதித்து அணைத்துவிட்டால் பெடல் மின்சாரம் எடுப்பதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். மிதிக்கும்போது சிக்னல் வேறு வழியில் திரும்புகிறது, சிவப்பு விளக்கு அணைகிறது, அவ்வளவே. உள்ளே இருக்கும் சர்க்கியூட் விழித்தபடியேதான் இருக்கிறது. பேட்டரியில் ஓடும் பெடலின் இன்புட் ஜாக்கிலிருந்து கேபிளைப் பிடுங்கினால் பேட்டரி துண்டிக்கப்படும் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான பெடல்களில் அடாப்டரின் இணைப்பு அந்த ஜாக்கைச் சார்ந்திருப்பதில்லை என்பதால், கேபிளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கலைஞர் வீட்டுக்குப் போன பிறகும் பெடல்கள் முன்புபோலவே மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். ஒலியைக் கரகரப்பாக்கும் சாதாரண ஓவர்டிரைவ் பெடலுக்குச் சில மில்லி ஆம்பியர் போதும். எதிரொலி போன்ற விளைவைத் தரும் டிஜிட்டல் டிலே, ரிவெர்ப் வகைகளில் சில 300 மில்லி ஆம்பியர் வரை கேட்கும்.

மின்கட்டணத்தை இதில் இழுக்க வேண்டியதில்லை. போர்டு மொத்தமாக 10 வாட் எடுத்தாலும், நாள் முழுக்க ஓடினால் மாதத்துக்கு 7 யூனிட் சொச்சம்தான் ஆகும், கூடத்தின் ஏ.சி. அதை ஒரே பகலில் தாண்டிவிடும்.

உண்மையான செலவு, பவர் சப்ளைக்குள் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களில் நிகழ்கிறது. அவற்றுக்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல மெல்ல வற்றுகிறது. பரவலாகக் கிடைக்கும் ஒரு வகைக் கண்டென்சரின் மேலேயே 105 டிகிரி என்று அச்சிட்டிருப்பார்கள்; அந்தச் சூட்டில் அதற்கு 2,000 மணி நேர ஆயுளைத் தயாரிப்பாளர் உறுதியளிக்கிறார். சூடு 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிப்பாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு. அதன்படி உட்புறச் சூடு 55 டிகிரியில் நின்றால் 64,000 மணி நேரம், அதாவது இடைவிடாமல் ஓடினாலும் 7 ஆண்டுகளுக்கு மேல் தாங்கும். அதுவே 65 டிகிரி ஆனால் மூன்றரை ஆண்டுகளைச் சற்றே தாண்டும். ஏ.சி. ஓடும் அறைக்கும் அணைத்துப் பூட்டிய அறைக்கும் கோடையில் இடையே இருப்பது ஏறக்குறைய அந்த 10 டிகிரிதான்.

இதனால்தான் இரவு நேரம் எனக்குக் கவலை தருகிறது. வெளிச்சத்தம் புகாதபடி கண்ணாடிப் பஞ்சும் ஃபோமும் வைத்து அடைத்த அறையிலிருந்து வெப்பமும் எளிதில் வெளியேறுவதில்லை. கால்ஷீட் முடிந்ததும் உதவியாளர் முதலில் அணைப்பது ஏ.சி.யைத்தான், அத்துடன் தூசி படியக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் போர்டின் மேல் கனத்த துணியைப் போர்த்திவிட்டுப் போவதும் உண்டு. சுற்றுவட்டாரத்தில் பயன்பாடு குறையும் பின்னிரவில் மின்னழுத்தம் 230 வோல்ட்டைத் தாண்டி ஏறுவதை எங்கள் மீட்டரில் அடிக்கடி காணலாம். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பவர் சப்ளைகளில் அந்த உபரியை, வெளியே போகும் மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் சூடாக மாற்றித்தான் கழிக்கும். ஆக, யாரும் வாசிக்காத நேரத்தில்தான் அந்தப் பெட்டி மிகக் கடுமையாக உழைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இடியும் மின்னலும் சேர்ந்துகொண்டால், ஸ்பைக் பஸ்டரை மட்டும் நம்பி விட்டுப் போக எனக்கு மனம் வராது.

வற்றத் தொடங்கிய கண்டென்சர் ஒரே நாளில் செயலிழப்பதில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நேர்மின்சாரமாக மாறும்போது எஞ்சும் 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி வரும். கிதாரின் ஆறாவது தந்தியில் மூன்றாம் ஃபிரெட்டில் பிறக்கும் ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். அதனால் ஜி மேஜரில் அமைந்த பாடலில் இந்த இரைச்சல் ஒளிந்துகொள்ளும், வேறு ஸ்கேலுக்குப் போனதும் காதில் இடறும். பலர் அப்போது கேபிளைக் குற்றம் சொல்வார்கள்.

அணைத்துப் போடுவதால் கெடும் என்ற வாதத்தில் சிறிதளவு உண்மை இருக்கிறது. போட்ட கணத்தில் காலியாக இருக்கும் கண்டென்சர்கள் ஒரே மூச்சில் மின்சாரத்தை இழுக்கின்றன. ஆயினும் நாளுக்கு ஓரிரு முறை போடுவதை எந்த ஒழுங்கான பவர் சப்ளையும் தாங்கும். இங்கே கவனிக்க வேண்டியது வரிசையைத்தான்: போடும்போது பெடல்களுக்குப் பின்னர் ஆம்ப்ளிஃபையர், அணைக்கும்போது ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னர் பெடல்கள். இதை மாற்றிச் செய்தால் எழும் 'டப்' என்ற சத்தம் ஸ்பீக்கருக்கு நல்லதல்ல.

ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் உள்ள பழைய பாணி ஃபஸ் (ஒலியை முரட்டுத்தனமாகச் சிதைக்கும்) பெடல் வைத்திருக்கும் மூத்த கலைஞர் ஒருவர், அறை குளிர்ந்தாலும் சூடானாலும் அதன் குரல் மாறிவிடுகிறது என்பார். அவர் சொல்வது சரியே. ஜெர்மானியம் வெப்பத்துக்கு அப்படித்தான் அசையும். ஆனால் அதைச் சீராக்க வேண்டியது அறையின் குளிர்ச்சியே தவிர, இரவெல்லாம் ஓடும் அடாப்டர் அல்ல.

பவர் சப்ளைகள் பலவற்றில் ஆன்–ஆஃப் ஸ்விட்சே கிடையாது. பிளக் பாயின்ட்டோ ஏதாவது ஸ்டாண்டுக்குப் பின்னால் தரையோரம் இருக்கும். குனிந்து அணைக்க வேண்டிய ஒன்றை அலுப்போடு கிளம்பும் யாரும் அணைக்க மாட்டார்கள் என்பதால், பெடல்போர்டுகளுக்கென்று தனி லைன் இழுத்து அதன் ஸ்விட்சைக் கதவருகே வைத்தோம். உதவியாளர் உடனே, "அண்ணே, ஏ.சி.யோட சேர்த்து ஒரே ஸ்விட்ச்ல குடுத்துடலாமே, ஒரே தட்டுல ரெண்டும் நின்னுடும்?" என்றார். யோசனை நல்லதுதான், ஆனால் கம்ப்ரெசர் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அந்த லைனில் எழும் அதிர்வு பெடல்களுக்குள் வரும் என்பதால், இரண்டு ஸ்விட்சுகளையும் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, லைன்களை மட்டும் தனித்தனியாகவே விட்டோம்.